தப்பு ரூல்ல ஆடி, மார்க் போட்டு, விக்கற வரைக்கும் போன பாண்டெமிக் கேம் – நிகழ்வு ஆய்வு

பின்னணி

கிருஷ்ணகிரி டவுன்ல ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஆறு பேர் கூடி போர்டு கேம் ஆடறோம், மூணு வருஷமா நடக்குது. இடம் பழையபேட்டைல ஒருத்தர் வீட்டு மாடி ரூம், ஒரு மேசை, ஒரு ஃபேன், அந்த ஃபேனை ரெண்டுக்கு மேல வெச்சா கார்டெல்லாம் பறக்கும். பேரு போட வேணாம்னு எல்லாரும் சொல்லிட்டாங்க, அதனால மேசைல கூப்பிடற மாதிரியே எழுதறேன். சார், கணக்கு வாத்தியார். அக்கா, டைலர் கடை வெச்சிருக்காங்க, பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியம். அண்ணன், மெடிக்கல் ஷாப்காரர், மாடி ரூம் அவரோடது. மாப்ள, ஓசூர்ல கம்பெனி வேலை, ஷிப்டு பாத்து தான் வருவான். தம்பி, இன்ஜினியரிங் படிக்கறான். நான் மாங்கூழ் ஃபேக்டரில அக்கவுண்ட்ஸ், மாங்கா சீசன்ல ஞாயித்துக்கிழமையும் லாரி வரும், அந்த ரெண்டு மாசம் என்னை கணக்குல சேக்க முடியாது.

நம்ம பக்கம் தாயம், ஆடுபுலி, பரமபதம், கேரம் இதெல்லாம் வீட்டுக்கு வீடு உண்டு, இந்த மாதிரி பொட்டில வர்ற புது கேம் தான் கெடைக்காது, பெங்களூர்ல இருந்து யாராவது தூக்கிட்டு வரணும் இல்ல ஆன்லைன்ல போடணும். விலையும் ரெண்டாயிரம் மூவாயிரம்னு போகும். ஆளுக்கு மாசம் 300 போட்டு 1,800 சேருது, அப்டின்னா ரெண்டு மாசத்துக்கு ஒரு கேம் தான். வாங்கினது மட்டமா போயிட்டா அடுத்த ரெண்டு மாசம் அலமாரியை பாத்துட்டு உக்கார வேண்டியது தான். அதனால தான் நோட்டு ஆரம்பிச்சோம். ஒரு லாங் சைஸ் கணக்கு நோட்டு, புதுசா வர்ற கேமை மூணு தடவை ஆடணும், அப்புறம் ஆளாளுக்கு பத்துக்கு மார்க் போடணும், சராசரி 6க்கு கீழ போனா வித்துட்டு காசை திரும்ப ஃபண்டுல போடணும். இந்த சம்பவத்துக்கு முன்னாடி ஒம்பது கேம் அந்த நோட்டுல ஏறியிருந்துச்சு, ரெண்டை வித்திருந்தோம், அதுல ஒண்ணு 'கேட்டன்'ங்கற கேம். அதை பத்தி கடைசில சொல்றேன்.

கூட்டா சேந்து ஆடற கேம் ஒண்ணு வாங்கலாம்னு யோசனை வந்ததே ஒரு சண்டைல இருந்து தான். டிக்கெட் டு ரைட் ஆடிட்டு இருந்தோம், அதுல கைல இருக்கற டிக்கெட்ல போட்ட ரெண்டு ஊரை ரயில் போட்டு இணைக்கணும், இணைச்சா பாயிண்ட், இணைக்கலைன்னா அதே பாயிண்ட் கழியும். அக்காவுக்கு கடைசியா ஒரே ஒரு சின்ன வழி பாக்கி, சார் தனக்கு தேவையே இல்லாம அந்த வழில ரயிலை வெச்சு அடைச்சுட்டாரு. ரூல்படி தப்பில்ல. ஆனா அக்கா அன்னிக்கு டீ குடிக்காம கெளம்பிட்டாங்க. ஒருத்தரை ஒருத்தர் கவுக்காம எல்லாரும் ஒரே பக்கம் நிக்கற ஆட்டமா ஒண்ணு பாப்போம்னு அண்ணன் சொன்னாரு, அப்படி வாங்கினது தான் பாண்டெமிக்.

அந்த கேம் எப்படின்னா

மேட் லீகாக் பண்ணது, 2008ல வந்துச்சு, ரெண்டுல இருந்து நாலு பேர் ஆடலாம். போர்டுல உலக மேப், 48 ஊரு, நாலு கலர்ல நாலு நோய், நோய் எங்க எவ்ளோன்னு காட்ட கலருக்கு 24 கியூப், அதாவது சின்ன கட்டை. ஒவ்வொரு டேர்ன்லயும் நாலு வேலை செய்யலாம், நகரலாம், கியூப் எடுத்து நோயை கொறைக்கலாம், கார்டு குடுத்து வாங்கலாம், மருந்து கண்டுபிடிக்கலாம். அப்புறம் ரெண்டு கார்டு எடுக்கணும், அப்புறம் நோய்க்கட்டுல, அதாவது ஊர் பேர் போட்ட தனி சீட்டுக்கட்டுல, சீட்டு திருப்பி அந்த ஊர்ல புது கியூப் வைக்கணும். ஒரு ஊர்ல ஒரே கலர் மூணு கியூபுக்கு மேல போனா வெடிச்சு பக்கத்து ஊருக்கெல்லாம் ஒண்ணொண்ணு பரவும். நாலு நோய்க்கும் மருந்து கண்டுபிடிச்சா ஜெயிச்சோம். எட்டாவது தடவை வெடிச்சாலோ, ஒரு கலர் கியூப் தீந்தாலோ, எடுக்க கார்டு இல்லாம போனாலோ எல்லாரும் சேந்து தோத்தோம். ஆளுக்கு ஒரு ரோல் வேற உண்டு, ஒவ்வொண்ணுக்கும் தனி சக்தி.

போர்டுல சென்னை இருக்கு, அதை பாத்ததுமே எல்லாருக்கும் ஒரு குஷி.

முதல் ரெண்டு ஆட்டம்

ரூல் புக் இங்கிலீஷ்ல தான். சார் முந்தின நாள் ராத்திரி படிச்சிட்டு வந்து தமிழ்ல சொன்னாரு, நாங்க யாரும் புக்கை தொடல. அவரு எதை சொன்னாலும் புரியற மாதிரி சொல்லுவாரு, அதுல சந்தேகமே வராது, பின்னாடி நடந்ததுக்கு அதுவும் ஒரு காரணம்னு இப்ப தோணுது.

முதல் ஆட்டத்துல சார், அக்கா, தம்பி, நான். சுலபமான லெவல், அதாவது எடுக்கற கட்டுல நோயை திடீர்னு ஏத்திவிடற எபிடெமிக் கார்டு நாலு. சார் எல்லார் கார்டையும் மேசை மேல விரிச்சு வைக்க சொன்னாரு, கூட்டா தானே ஆடறோம் மறைக்கறதுக்கு என்ன இருக்குன்னு. அப்புறம் அவரே நாலு பேர் கையையும் பாத்து திட்டம் போட்டாரு, "நீங்க இஸ்தான்புல் போங்க, தம்பி நீ இந்த கார்டை அவருக்கு குடு, அக்கா நீங்க ரெண்டு கட்டை எடுத்துட்டு நில்லுங்க". ஜெயிச்சோம். முக்கா மணி நேரம் கூட ஆகல, எங்கயும் பதட்டமே வரல.

ரெண்டாவது ஆட்டம் அடுத்த வாரம், சார், அக்கா, அண்ணன், மாப்ள, அஞ்சு எபிடெமிக். நான் வெளிய உக்காந்து பாத்தேன், தொழில் பழக்கம், நோட்டு ஓரத்துல கோடு போட்டுட்டே இருந்தேன். ஆட்டம் 21 டேர்ன் போச்சு. அதுல சாரோட டேர்ன் 5. மிச்சம் 16ல 13 தடவை, டேர்ன் யாரோடதோ அவங்க கை போர்டு கிட்ட போறதுக்கு முன்னாடியே சார் வாய் தெறந்துட்டாரு. திரும்பவும் ஜெயிச்சாங்க. ஜெயிச்சப்ப கை தட்டினது சார் மட்டும் தான், மாப்ள போன் பாத்துட்டு இருந்தான், அக்கா பைல இருந்து நிலக்கடலை எடுத்து உரிச்சிட்டு இருந்தாங்க.

மூணாவது ஆட்டம் ஆட யாருக்கும் மனசு வரல. ரூல்படி மூணு ஆடணும், ஆனா "இதுக்கு மேல என்ன தெரியப்போவுது"ன்னு மார்க் போட்டுட்டோம். சார் 8, நான் 5, அண்ணன் 5, மாப்ள 5, தம்பி 4, அக்கா 3. மொத்தம் 30, சராசரி 5. குறிப்புல தம்பி எழுதினது: "சப்பை. பயமே இல்ல." பெங்களூர்ல தெரிஞ்ச ஒருத்தர் ரெண்டாயிரத்துக்கு எடுத்துக்கறேன்னாரு, சரின்னுட்டோம்.

அக்கா வரலை

அடுத்த ரெண்டு ஞாயிறு அக்கா வரலை. முகூர்த்த நாள், பிளவுஸ் வேலை ஜாஸ்தின்னாங்க. அது உண்மையாவும் இருக்கலாம்னு விட்டுட்டேன். மூணாவது வாரம் பேண்ட் அடி மடிக்க குடுக்க கடைக்கு போனப்ப கேட்டேன், மெஷினை நிறுத்தாமலே சொன்னாங்க:

"நாலு பேரு சேந்து ஆடறதுன்னு சொன்னீங்க. அங்க ஆடினது சார் ஒருத்தரு தான். ஆடுபுலில பதினஞ்சு ஆட்டையும் ஒரே ஆளு ஓட்டலாம், ஆட்டுக்கு கோவம் வராது. நான் ஆடாப்பா?"

அப்புறம் நூலை கடிச்சு அறுத்துட்டு, "அவரு ரயிலை குறுக்க வெச்சப்ப கூட நான் தான் ஆடினேன், நான் தான் தோத்தேன்"னாங்க.

இதுல நான் செஞ்ச தப்பு ஒண்ணு. ரெண்டாவது ஆட்டத்துல 16ல 13னு நானே எண்ணி எழுதியிருக்கேன், எழுதிட்டு அந்த பக்கத்துல 5 மார்க் போட்டு கேமை கொறை சொல்லியிருக்கேன். மேசைல நடந்ததுக்கு பொட்டி மேல பழி. கூட்டு ஆட்டத்துல ஒரு ஆளு எல்லாருக்காகவும் முடிவெடுக்கறது பாண்டெமிக்ல ரொம்ப பேர் சொல்ற பழைய புகார் தான், எங்களுக்கு மட்டும் நடந்ததில்ல. ஆனா அது கேமோட கொறையா ஆளோட கொறையான்னு ஒரு நிமிஷம் யோசிச்சிருக்கணும்.

பொட்டியை கட்டும்போது

விக்கறதுக்கு முன்னாடி பீஸ் எல்லாம் சரியா இருக்கான்னு எண்ணிக் குடுக்கறது என் வேலை. ஒரு செவ்வாக்கிழமை ராத்திரி வீட்ல பாய் விரிச்சு, கலருக்கு 24, மொத்தம் 96 கியூப் எண்ணிட்டு, கார்டு கணக்குக்காக ரூல் புக்கை தெறந்தேன். முதல் தடவையா.

எபிடெமிக் பக்கத்துல கண்ணு நின்னுச்சு. அந்த கார்டு வந்தா நோய்க்கட்டோட அடில இருந்து ஒரு சீட்டை உருவி அந்த ஊர்ல மூணு கியூப் வைக்கணும், அது வரைக்கும் சரி. அப்புறம் ஏற்கனவே வந்து கழிச்சு போட்ட சீட்டுங்களை மட்டும் கலைச்சு கட்டோட மேல வைக்கணும். மேல. நாங்க என்ன பண்ணிட்டு இருந்தோம்னா மொத்த கட்டோடயும் சேத்து கலைச்சு வெச்சோம். இந்த ஒரு வரில தான் கேமோட உயிரே இருக்கு, ஏற்கனவே நோய் வந்த ஊருக்கே மறுபடி மறுபடி வரும், அதனால தான் பயம். நாங்க கலைச்ச கலைப்புல நோய் உலகம் பூரா சமமா தூவிட்டு போயிடுச்சு, வெடிக்கறதுக்கு சான்ஸே கம்மி.

அடுத்த பக்கத்துல இன்னொண்ணு. ஒருத்தர் இன்னொருத்தருக்கு கார்டு குடுக்கணும்னா ரெண்டு பேரும் ஒரே ஊர்ல நிக்கணும், குடுக்கற கார்டும் அதே ஊர் கார்டா இருக்கணும். எந்த கார்டை வேணாலும் குடுக்கற சக்தி ஆராய்ச்சியாளர்ங்கற ஒரே ஒரு ரோலுக்கு தான். முதல் ஆட்டத்துல சாருக்கு வந்த ரோலே அது தான், தன் கார்டுல இருந்ததை எல்லாருக்கும் பொது ரூல்னு எடுத்துக்கிட்டாரு போல. ஒரே கலர்ல அஞ்சு கார்டு சேத்தா தான் மருந்து, அதை சேக்கறது தான் கேம்ல இருக்கற கஷ்டமே, அந்த கஷ்டத்தை நாங்க தொறந்து விட்டுட்டோம்.

ராத்திரி பத்தரைக்கு சாருக்கு போன் போட்டேன். முதல்ல "இருக்காது"ன்னாரு. பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பினேன். ரெண்டு நிமிஷம் கழிச்சு அவரே கூப்பிட்டு, "நாளைக்கு விக்காதீங்க"ன்னாரு. அவ்ளோ தான் சொன்னாரு, எங்க தப்பு பண்ணாருன்னு நான் கேக்கல, அவரும் சொல்லல.

எடுத்த முடிவும் ஏன்னும்

விக்கறதை நிறுத்தினோம், பெங்களூர்காரர் கிட்ட மன்னிப்பு கேட்டோம். நோட்டுல பழைய மார்க்கை அடிக்கல, மேல ஒரு கோடு மட்டும் போட்டு "ரூல் தப்பு"ன்னு எழுதினோம், அடிச்சுட்டா நாளைக்கு நாமளே மறந்துடுவோம்னு அண்ணன் சொன்னது.

பேச்சு விஷயம் தான் ரொம்ப நேரம் இழுத்துச்சு. அக்காவை கூட்டிட்டு வரணும்னா ஏதாவது மாறணும், அதை அவங்க இல்லாதப்ப சார் முன்னாடி சொல்லணும், அந்த வேலை என் தலைல விழுந்துச்சு. ஆட்டோட கதையை அப்படியே சொல்லாம சுத்தி வளைச்சு சொன்னேன், சாருக்கு உடனே புரிஞ்சுது. முகம் சுண்டிப்போச்சு. ஆனா அவரு கேட்டதுலயும் நியாயம் இருந்துச்சு: "கூட்டா ஆடற ஆட்டத்துல பேசக் கூடாதுன்னா அது என்ன கூட்டு? பேசறது தானேங்க ஆட்டம்?"

தம்பி வேற வழி சொன்னான், கேமையே மாத்திடலாம், பேச்சை ரூலே கட்டுப்படுத்தற கேம் இருக்குன்னு. ஹனாபி, 2013ல ஜெர்மனியோட ஸ்பீல் டெஸ் யாரெஸ் விருது வாங்கினது, அதுல நம்ம கார்டு நமக்கே தெரியாது, முகத்தை மத்தவங்க பக்கம் திருப்பி பிடிக்கணும், துப்பு குடுக்கறதுக்கு எட்டே எட்டு டோக்கன். தி க்ரூவும் அப்படி தான், கூட்டா ஆடற சீட்டாட்டம், பேச்சுக்கு கணக்கு உண்டு. நல்ல யோசனை தான், ஆனா ஃபண்டுல இருந்தது 700 ரூபா. ஒரு டேர்னுக்கு ஒரு நிமிஷம்னு டைமர் வைக்கலாம்னு மாப்ள சொன்னான், அது வேணாம்னு விட்டோம், ஏன்னா அவசரம்னு வந்தா இன்னும் சீக்கிரமா சாரை தான் எல்லாரும் பாப்பாங்க.

கடைசியா முடிவானது: கார்டை கைல மறைச்சு பிடிக்கறது, வாயால என்ன கார்டுன்னு சொல்லிக்கலாம். டேர்ன் யாரோடதோ அவங்க கேக்கற வரைக்கும் யாரும் யோசனை சொல்லக் கூடாது, கேட்டா தாராளமா சொல்லலாம். அதோட நான் ஒரு ஏ4 தாள்ல ரோல் எல்லாத்துக்கும் சக்தியை தமிழ்ல எழுதி, ஒரு டேர்ன்ல என்னென்ன வரிசைல செய்யணும்னு கீழ போட்டு, லேமினேட் பண்ணேன். அக்காவுக்கு ஊர் பேரை இங்கிலீஷ்ல எழுத்து கூட்டி படிக்க வரும், பாராவா இருந்தா வராது, அதனால தன் ரோல்ல என்ன எழுதியிருக்குன்னே சார் சொல்லி தான் அவங்களுக்கு தெரியும்னு நாங்க யாரும் அது வரைக்கும் யோசிக்கல. நூறு டைல், அஞ்சு கலர், ஒரு எழுத்து கூட படிக்க வேணாம்னு இருக்கற அசூல்ங்கற கேம்ல அக்கா தான் எங்க எல்லாரையும் அடிப்பாங்க. அதை பாத்துமே எங்களுக்கு உறைக்கல.

மூணாவது ஆட்டம்

அக்கா வந்தாங்க, பெங்களூரா மாங்கா கீத்து போட்டு உப்பு மிளகாத்தூளோட ஒரு டப்பா கொண்டு வந்தாங்க, கைய தொடச்சுட்டு தான் கார்டு தொடணும்னு அவங்களே சட்டம் போட்டாங்க. வரிசை: அக்கா, நான், சார், தம்பி. நாலு எபிடெமிக், சரியான ரூல். அக்காவுக்கு வந்த ரோல் டாக்டர், ஒரு ஊர்ல ஒரு கலர் கியூப் எத்தனை இருந்தாலும் ஒரே வேலைல அத்தனையும் எடுத்துடுவாங்க. தம்பி விஞ்ஞானி, அவனுக்கு மருந்துக்கு அஞ்சுக்கு பதிலா நாலு கார்டு போதும்.

ஆரம்பத்துலயே கொல்கத்தால மூணு, டெல்லில ரெண்டு. அக்கா கைல கொல்கத்தா கார்டு இருந்துச்சு, தாளை ஒரு தடவை பாத்தாங்க, கார்டை போட்டு நேரா கொல்கத்தாவுக்கு பறந்து மூணையும் எடுத்துட்டு, டெல்லிக்கு நடந்து ரெண்டையும் எடுத்தாங்க. நாலு வேலை முடிஞ்சுது. யாரையும் ஒண்ணும் கேக்கல.

நாலாவது டேர்ன், தம்பி கார்டு எடுக்கறான், எபிடெமிக். அடில இருந்து உருவின சீட்டு சென்னை. மூணு கருப்பு கியூப் வெச்சோம். அது வரைக்கும் கழிச்சு போட்ட 15 சீட்டு, சென்னையோட 16, கலைச்சு மேல வெச்சாச்சு. தம்பி ரெண்டு சீட்டு திருப்பினான், சென்னை இல்ல. மேல மிச்சம் 14, அதுக்குள்ள எங்கயோ சென்னை. அது வந்தா மும்பை, டெல்லி, கொல்கத்தா, பாங்காக், ஜகார்த்தா அஞ்சுக்கும் பரவும்.

அக்கா டேர்ன். அவங்க டெல்லில, கைல பாங்காக் கார்டு. விஞ்ஞானி தம்பி பாங்காக்ல நிக்கறான், அந்த கார்டு அவனுக்கு வேணும், புது ரூல்படி பாங்காக்ல வெச்சு தான் குடுக்க முடியும். சார் ரெண்டு கையையும் தொடைக்கு அடில வெச்சு உக்காந்துட்டாரு, உதடு அசையறது எனக்கு தெரியுது. பின்னாடி கேட்டப்ப சொன்னாரு, அவரு மனசுல போட்ட கணக்கு கொல்கத்தா வழியா பாங்காக் போய் கார்டை குடுக்கறது, சென்னை வர்றதுக்கு 14ல ரெண்டு சான்ஸ் தான், அதாவது ஏழுல ஒண்ணு, அதை விட்டுடலாம்னு.

அக்கா விரலை போர்டு மேல வெச்சு கோடு கோடா தடவிட்டே இருந்தாங்க, துணில சாக்பீஸ் போடறதுக்கு முன்னாடி தடவற மாதிரி. ஒரு நிமிஷத்துக்கு மேலயே ஆச்சு. அப்புறம், "மெட்ராஸ்ல என் தங்கச்சி இருக்கா"ன்னுட்டு பொம்மையை சென்னைக்கு நவுத்தினாங்க. ஒண்ணு. மூணு கியூபையும் அள்ளினாங்க. ரெண்டு. சென்னைல இருந்து பாங்காக்குக்கு கோடு இருக்கு, நவுத்தினாங்க. மூணு. கார்டை தம்பி கைல குடுத்தாங்க. நாலு.

சார் "அடடே"ன்னாரு. சென்னை வழியா போனாலும் அதே தூரம் தான்னு அவரு பாக்கவே இல்ல. பழைய மாதிரி அவரு முதல்லயே சொல்லியிருந்தா அக்கா கொல்கத்தா வழியா போயிருப்பாங்க, இப்படி ஒரு வழி இருந்ததே மேசைல யாருக்கும் தெரிஞ்சிருக்காது. அந்த டேர்ன்ல சென்னை வரல. அடுத்தது என் டேர்ன்ல வந்துச்சு, ஒரு கியூபோட போச்சு.

ஆட்டம் தோத்துட்டோம். மூணு மருந்து கண்டுபிடிச்சாச்சு, மஞ்சளுக்கு ஒரே ஒரு கார்டு பாக்கி. நாலு பேருக்கு கட்டுல எடுக்க இருக்கறது 49 கார்டு, 24 டேர்ன்ல 48 போயிடும், 25வது டேர்ன்ல அக்கா கை நீட்டுனா ஒரே கார்டு. ரெண்டு எடுக்க முடியலைன்னா அவ்ளோ தான். தோத்த ஆட்டத்துக்கு மாடி ரூம்ல அவ்ளோ சத்தம் அது வரைக்கும் வந்ததில்ல, கீழ இருந்து அண்ணன் வீட்டு அண்ணி யாராவது விழுந்துட்டாங்களான்னு கேட்டாங்க.

அன்னிக்கே சார் கணக்கு போட்டு காட்டினாரு: எங்க பழைய தப்பு ரூல்ல அதே இடத்துல மிச்சம் 46 சீட்டு, அதுல ரெண்டு, சென்னை வர்றதுக்கு 23ல ஒண்ணு. சரியான ரூல்ல ஏழுல ஒண்ணு. மூணு மடங்குக்கு மேல வித்தியாசம். தம்பி நோட்டுல எழுதின "பயமே இல்ல"ங்கறதுக்கு காரணம் இந்த கணக்கு தான்.

அதுக்கப்புறம்

அடுத்த ரெண்டு வாரம் சார் வரலை. பேப்பர் திருத்தறேன்னாரு. அக்கா பிளவுஸ் வேலைன்னு சொன்னது எனக்கு ஞாபகம் வந்துச்சு, நான் ஒண்ணும் சொல்லல. சார் இல்லாம அக்கா, அண்ணன், மாப்ள, தம்பி ஆடினாங்க, ஏழு தடவை வெடிச்சு இன்னொரு தடவை வெடிச்சா முடிஞ்சுதுங்கற நிலைமைல ஜெயிச்சாங்க. அதுலயும் ஒண்ணு கவனிச்சேன், சார் இல்லைன்னதும் தம்பி அந்த சீட்டுல உக்காரப் பாத்தான். ரெண்டு தடவை அவன் ஆரம்பிக்க, அக்கா அவனை ஒரு பார்வை பாத்தாங்க, நிறுத்திட்டான். அப்ப ஆளு பிரச்சனை மட்டும் இல்ல, அந்த கேமும் யாரையாவது ஒருத்தரை அப்படி இழுக்குது.

சார் திரும்ப வந்தாரு. அண்ணன் போய் மாத்திரை குடுக்கற சாக்குல வீட்ல பாத்து பேசிட்டு வந்தாருன்னு பின்னாடி தெரிஞ்சுது. அஞ்சாவது ஆட்டத்துல அக்கா அவங்களாவே, "சார், இதுல எது நல்லது சொல்லுங்க"ன்னு கேட்டாங்க. சார் ரெண்டு வழி சொல்லிட்டு எது வேணும்னு அவங்களையே எடுக்க சொன்னாரு. அக்கா ரெண்டையும் எடுக்கல, மூணாவது ஒண்ணு பண்ணாங்க, அது சொதப்பல். யாரும் பேசல.

மறு மார்க்: நான் 8, தம்பி 8, அண்ணன் 7, மாப்ள 7, அக்கா 6, சார் 6. மொத்தம் 42, சராசரி 7. கேம் தங்கிடுச்சு. கேமை அப்ப புடிச்சிருந்த சாருக்கு மட்டும் மார்க் எறங்கியிருக்கு, அவரு குறிப்பு: "ஆட்டம் முன்னைவிட நல்லா இருக்கு, உக்கார்றது பரீட்சை ஹால் மாதிரி இருக்கு." அக்கா குறிப்பு ஒரே வரி, "எழுத்து ஜாஸ்தி, அசூலே போதும்".

மாத்தினதும் இன்னும் தெளியாததும்

நோட்டுல இப்ப ரெண்டு பத்தி. ஒண்ணு ஆட்டத்துக்கு மார்க், இன்னொண்ணு அன்னிக்கு மேசை எப்படி இருந்துச்சுங்கறதுக்கு மார்க். ரெண்டாவது 5க்கு கீழ இருந்தா அன்னிக்கு முதல் பத்தி எழுதக் கூடாது. முதல் தடவை ஆடினதுக்கும் மார்க் கிடையாது. ரூல் சொல்றவர் ஒருத்தர், புக்கை கைல வெச்சுட்டு கேக்கறவர் இன்னொருத்தர், கேக்கறவரும் முந்தின நாளே படிச்சிருக்கணும். வாங்கறதுக்கு முன்னாடி கார்டுல எவ்ளோ எழுத்து இருக்குன்னு பாக்கறோம், பாரா பாராவா இருந்தா தமிழ் தாளுக்கு ஆகற நேரத்தையும் விலையோட சேத்துக்கணும். எனக்கு ஒரு ராத்திரி முழுக்க போச்சு.

இந்த ஆய்வுல ஒரு ஓட்டை இருக்கு, சார் தான் காட்டினாரு. ரூல், பேச்சு, தமிழ் தாள், மூணையும் ஒரே நாள்ல மாத்திட்டோம். சராசரி 5ல இருந்து 7க்கு போனது எதனாலன்னு பிரிச்சு சொல்ல முடியாது. தம்பியோட 4 எட்டானது ரூலாலன்னு நெனைக்கறேன், அக்காவோட 3 ஆறானது மத்த ரெண்டாலன்னு நெனைக்கறேன், நிரூபிக்க வழி இல்ல. ஒவ்வொண்ணா மாத்தி பாத்திருக்கலாமேன்னு சார் சொன்னாரு. அதுக்குள்ள அக்கா மொத்தமா நின்னிருப்பாங்கன்னு நான் சொன்னேன்.

இன்னொரு உறுத்தல், அந்த 'கேட்டன்' கேம். நாங்க 4 சொச்சம் மார்க் போட்டு வித்த கேம், அண்ணன் மட்டும் 2 போட்டிருந்தாரு, "கடைசில உக்காந்தா ஒண்ணும் கெடைக்காது"ன்னு எழுதியிருந்தாரு. அதுல ஆரம்பத்துல ஆளுக்கு ரெண்டு வீடு வைக்கணும், முதல் வீடு ஒண்ணாவது ஆள்ல இருந்து நாலாவது ஆள் வரைக்கும், ரெண்டாவது வீடு நாலாவது ஆள்ல இருந்து திரும்பி ஒண்ணாவது ஆள் வரைக்கும். கடைசி ஆளுக்கு ரெண்டையும் சேந்தாப்ல வைக்கலாம், அது தான் அவருக்கு ஈடு. நாங்க ரெண்டு தடவையும் ஒண்ணுல இருந்து நாலுன்னே வெச்சோம், அண்ணன் எப்பவும் மூலைல ஸ்டூல்ல உக்காருவாரு, எப்பவும் கடைசி.

போன வாரம் அதை வாங்கினவருக்கு போன் பண்ணி, திருப்பி தருவீங்களா காசு தர்றோம்னு கேட்டேன். தர மாட்டாராம், வீட்ல பசங்க தெனமும் ஆடறாங்களாம். ரெண்டாவது வீடு எந்த வரிசைல வைக்கறீங்கன்னு கேட்டேன். நீங்க அன்னிக்கு சொல்லிக் குடுத்த மாதிரியே தாங்கன்னாரு.